விராலுக்கு அம்மை

கூரைக் கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் உச்சி வெயில், தொட்டியில் கரைத்த மஞ்சளைப் பொன்னாக்குகிறது. மிதக்கும் வேப்பிலைகளுக்கு அடியில், உடம்பெல்லாம் வெள்ளையாய் முத்துப் போட்ட வளர்ப்பு விரால் அசையாமல் கிடக்கிறது. வெகுநேரமாக மேலே வந்து காற்றுக் குடிக்கவில்லை. பனியன் கம்பெனியிலிருந்து சாப்பிட வந்த சென்னியப்பனின் வட்டிலில் மூன்றாவது நாளாகத் தாளிக்காத ரசம். "மீனுக்கு அம்மைன்னா நானெதுக்குப் புள்ள பத்தியம் இருக்கோணும்?" "ஏனுங்க, நம்மூட்டுல ஒரு உசுரு இப்படிக் கெடக்கறப்பக் கடுகு வெடிக்கலாமுங்களா?" என்கிறாள் மனைவி கமலாம்பாள். அவன் முணுமுணுத்துக்கொண்டே எழுந்துபோய்த் தொட்டியருகே குந்துகிறான். ஈரக் கண்ணாடியை விரல் நுனியால் மெல்லத் தட்டுகிறான். "எந்திரி கண்ணு." வேப்பிலை ஒன்று விலகுகிறது. விரால் வாயைத் திறந்து, 'ப்ளக்'கென்று ஒரு மிடறு காற்றை விழுங்கிவிட்டு இறங்குகிறது. முகம் மலர்ந்த கமலாம்பாள் கடுகு டப்பாவுக்குக் கை நீட்டுகிறாள். சென்னியப்பன் பதறிப்போய்த் தடுக்கிறான்: "பொறு புள்ள! தலைக்குத் தண்ணி ஊத்தாமத் தாளிக்கப்புடாது!"