முதலாவது முகம்

"கொஞ்சநேரம் வெளியில போய் இருங்கோ தங்கச்சி."

சொன்னவர் நேர்ஸ் பாலாம்பிகை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"பிள்ளைக்கு அஞ்சு வயசு. ஒப்பரேசன் முடிஞ்சு ரெண்டாம் நாள். பெத்த தாயை வெளியில போகச் சொல்லுறீங்களோ அக்கா?"

"ஓம். பிள்ளையோட தனியக் கதைக்கவேணும்."

முந்தினநாள்தான் மகள் பெனிற்றாவுக்கு அப்பெண்டிக்ஸ் வெட்டியெடுத்தார்கள். இந்த லண்டன் ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்க்க ஒரு தமிழ் நேர்ஸ் வந்ததும் மாதாவுக்கு நன்றி சொன்னவள் நான். 'எங்கட ஆள், பிள்ளையை வடிவாகப் பார்ப்பா' என்று நினைத்து, என் கணவர் ஜெராட்டிடம் சொல்லிக் காலையில் அவருக்குச் சாப்பிட றோல்ஸ் கூட வாங்குவித்தேன்.

"டியூட்டியில வாங்கேலாது தங்கச்சி" என்று திருப்பித் தந்துவிட்டார். அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

காலையிலிருந்து நாலு தடவை, படம் போட்ட ஒரு கடதாசி மட்டையோடு வந்துவிட்டார். அதில் வரிசையாக ஆறு முகங்கள். முதலாவது சிரிக்கும். கடைசி முகம் கண்ணீர் விட்டு அழும்.

"எவ்வளவு நோகுது செல்லம்? ஒரு முகத்தைத் தொடுங்கோ."

பெனிற்றா என்னைப் பார்ப்பாள். பிறகு முதலாவது முகத்தைத் தொடுவாள். நாலு தடவையும் அப்படித்தான்.

"பாத்தீங்களோ அக்கா? நோகேல்லையாம். நான் மன்னாரில கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில படிச்சனான். நோவை யேசுவுக்கு ஒப்புக்குடுக்கவேணும் எண்டு சிஸ்டர்மார் சொல்லித் தந்தவை. அதைத்தான் பிள்ளைக்கும் சொல்லியிருக்கிறன்."

"யேசுவுக்குக் குடுக்கட்டும். ஆனா எனக்கும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுக் குடுக்கட்டும்."

"உங்கட ஆராய்ச்சிக்கு என்ர பிள்ளைதானோ கிடைச்சது?"

"நீங்கள்தானே கையெழுத்து வைச்சனீங்கள்?"

உண்மைதான். ஒப்பரேசன் முடிந்த பிள்ளைகளின் நோவை எப்படிக் குறைக்கலாம் என்று இந்த வார்டில் நேர்ஸ்மார் ஏதோ ஆராய்ச்சி செய்கிறார்களாம். பயத்தில், நீட்டிய தாளிலெல்லாம் கையெழுத்து வைத்திருந்தேன்.

அறையோடிருந்த பாத்ரூமுக்குள் போய், பைப்பைத் திறந்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டேன். நேற்றிலிருந்து எத்தனையாவது தடவையோ தெரியாது. பிறகு மகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வெளியே போனேன்.

நடைபாதையில் நின்று ஜெராட்டுக்குப் போன் எடுத்தேன்.

"அந்த நேர்ஸைப் பற்றிக் கொம்ப்ளெயின் பண்ணப்போறன். பிள்ளையைப் போட்டு ஆராய்ச்சி செய்யிறா. என்னைக் கலைச்சுப்போட்டா!"

"காலமை றோல்ஸ் வாங்கிவரச் சொன்னீர். இப்ப கொம்ப்ளெயினோ?"

"பகிடி விடாதையுங்கோ!"

"சரி, பொறும். மோர்டனில வேலையில நிக்கிறன், இரவு வாறன். அதுவரைக்கும் ஒருத்தரோடையும் கொழுவாதையும்."

அரைமணித்தியாலம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். உள்ளே ஓடினால், கட்டிலருகே டொக்டர். பெனிற்றாவின் கையில் புதிதாக ஒரு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

"என்ன நடந்தது? அக்கா, என்ன நடந்தது?"

பாலாம்பிகை மட்டையைக் காட்டினார். "நீங்கள் போனாப்பிறகு கேட்டன். இதைத் தொட்டவ."

ஐந்தாவது முகம்.

"நோகேல்லை எண்டு சொன்னதால மத்தியானம் நோ மருந்தைக் குறைச்சுப்போட்டினம். ஆனா நாடி ஓடுற ஓட்டம் வேற கதை சொன்னது. பிள்ளை திரும்பிப் படுக்கேல்லை. இருமவும் பயம். டொக்டரைக் கூப்பிட்டுக் காட்டினன். காயத்தில கிருமி பிடிக்கத் தொடங்கியிருக்கு. பயப்பிடாதையுங்கோ, வேளைக்குக் கண்டபடியால் மருந்தோட மாறிடும். இன்னும் ஒரு நாள் சிரிச்சுக்கொண்டு கிடந்திருந்தா..."



மகளின் பக்கம் குனிந்தேன். "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?"

பெனிற்றா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னேரம் நோ குறைந்து, தலையணையில் சாய்ந்திருந்து ஜெலி சாப்பிட்டாள். வீட்டுக்குப் போகப் புறப்பட்ட பாலாம்பிகை, ஆராய்ச்சித் தாளோடு வந்தார். அதிலும் அதே ஆறு முகங்கள். கீழே அவரவருக்கு எப்படி இருக்கிறது என்று எழுத மூன்று கட்டங்கள்: பிள்ளைக்கு, தாய்க்கு, நேர்ஸுக்கு.

நேர்ஸின் கட்டத்தில் நாலு என்று எழுதியிருந்தது.

"அக்கா, உங்களுக்கு நாலாவது முகமோ?"

"காலமை ஏழு மணியில இருந்து நிக்கிறன். கால் ரெண்டும் கழண்டுபோச்சு. சாப்பாடும் இல்லை. நாங்களே பொய் எழுதினா, பிறகென்ன ஆராய்ச்சி?" என்று சிரித்தார். "உங்கட கட்டம்தான் வெறுமையாக் கிடக்கு. உங்களுக்கு எப்பிடி இருக்கு? தொடுங்கோ."

நான் பெனிற்றாவைப் பார்த்தேன். என் விரல் தானாகவே போய் முதலாவது முகத்தில் நின்றது.

பெனிற்றா ஜெலிக் கரண்டியைக் கீழே வைத்தாள். என் விரலைப் பிடித்தாள். ஒவ்வொரு முகமாக இழுத்துக்கொண்டு போய்க் கடைசி முகத்தில் வைத்தாள்.

"அம்மா பைப்பைத் திறந்துவிட்டுட்டு அழுறவ, அன்ரி," என்றாள். "எனக்கு நோகுதெண்டு சொன்னா, பைப் இன்னும் கனநேரம் ஓடும்."