நூலில் ஏற்றிய முறுக்கு

ஜெஸ்லின் கண்ணாடியைப் பார்த்து மல்லிகை வைத்துக்கொண்டிருந்தபோது, அவள் முதுகுக்குப் பின்னால் நின்ற ஜெயமேரி, கெண்டாமா என்ற ஜப்பானிய விளையாட்டுச் சாமானின் நூலை முறுக்கினாள்.

விரல் வலிக்கும்வரை முறுக்கிவிட்டு, மரப்பந்தைக் கட்டையின் கிண்ணத்தில் உட்கார வைத்தாள். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

பங்குக் கோயில் விழாவில் வித்தை காட்ட ஒரு வீட்டுக்கு ஒருவர்தான் மேடையேறலாம். கெண்டாமாவை ஆன்லைனில் வாங்கியவள் மூத்த மருமகள் ஜெயமேரி. திராட்சைக்கு மருந்தடித்த நாளில்கூட விடாமல் பழகியவளும் அவள்தான். மாமியார் கொடுத்ததோ இளையவள் ஜெஸ்லினின் பெயரை.

நூலில் தொங்கும் பந்தை மேலே சுண்டி, அதன் ஓட்டையைக் கட்டையின் கூர்முனையில் வாங்க வேண்டும். ஜெயமேரி சுண்டினால் பந்து புரண்டு வந்து மணிக்கட்டைப் பதம் பார்க்கும். நேற்று வந்த ஓரகத்தியோ முழங்காலை லேசாக மடக்கி, குழம்புக்கு உப்புப் பார்க்கிற அலட்சியத்தோடு இரண்டு சுண்டலுக்கு ஒன்றை முனையில் குத்திவிடுவாள். மாமியார் கைதட்டுவார். ஜெயமேரியின் புருஷன் பிரான்சிசும் சேர்ந்து தட்டுவான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பந்து அசையாமல் தொங்கினால்தான் ஓட்டை நேராக வரும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். இன்றைக்கு அது எப்படி அசையாமல் தொங்குகிறது என்று பார்த்துவிடலாம்.

மைக்கில் பெயர் வந்தது. ஜெஸ்லின் கெண்டாமாவை வாங்கிக்கொண்டு ஏறினாள்.

பந்தை இறக்கினாள். அது கிறுகிறுவென்று சுற்றியது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஜெஸ்லின் திரும்பி, மேடையோரம் நின்ற ஜெயமேரியைப் பார்த்தாள். ஜெயமேரி அவசரமாக முந்தானையைச் சரிசெய்தாள்.

ஜெஸ்லின் பந்தை நிறுத்தவில்லை. முழங்காலை மடக்கி, சுற்றுகிற பந்தை அப்படியே மேலே இழுத்தாள்.

பந்து புரளவே இல்லை. பம்பரம் மாதிரி நிமிர்ந்து சுற்றியபடி ஏறி, ஓட்டை கீழே பார்க்க இறங்கி, டக்கென்று முனையில் உட்கார்ந்தது.

சுற்றினால்தான் பந்து சாயாது என்பது ஜெயமேரிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாளும் பந்தை நிறுத்தி நிறுத்தியே அவள் மணிக்கட்டு வீங்கியிருந்தது.

பந்தல் அதிர்ந்தது. ஜெஸ்லின் மைக்கை வாங்கினாள்.

"நூலை முறுக்கிவிட்டா பந்து நேரா வரும்னு எங்க அக்காதான் எனக்குச் செஞ்சு காமிச்சாக."

எல்லாத் தலைகளும் திரும்பின. பிரான்சிஸ் எழுந்து நின்று தட்டினான். இந்த விளையாட்டில் அவன் ஜெயமேரிக்குத் தட்டியது அதுதான் முதல் தடவை.

ஜெயமேரி கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். பைத்தியக்காரி, நான் நல்லதுக்குச் செய்ததாக நினைத்துக்கொண்டாள் என்று நிம்மதியாக மூச்சு விட்டாள்.

ஜெஸ்லின் இறங்கி வந்தாள். சிரித்த முகம் மாறாமல் கெண்டாமாவை ஜெயமேரியின் கையில் வைத்து, காதருகில் குனிந்தாள்.

"முறுக்கையில உங்க மொகத்தைக் கண்ணாடியில பாத்தேன்க்கா."

பிரான்சிஸ் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தான்.