மேனேஜருக்கு அரைத்த மிளகாய்

“பேரே சொல்லாம யாருக்குங்க மிளகா அரைக்கறீங்க?” பக்கத்துக் கல்லில் அரைத்துக்கொண்டிருந்தவள் கேட்டாள்.

“மில்லு மேனேஜருக்குங்க. பேரு அம்மனுக்குத் தெரியாதுங்களா?” என்றாள் தெய்வாத்தாள்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயில். நியாயம் கேட்டு வருகிறவர்கள் மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போவார்கள். அநியாயம் செய்தவனுக்கு உடம்பெல்லாம் எரியுமாம். புருஷனுக்குத் தெரியாமல் கோயமுத்தூரில் முதல் பஸ் ஏறி வந்திருந்தாள் தெய்வாத்தாள். அரைத் தூக்கமும் சாம்பிராணிப் புகையுமாக, நடப்பதெல்லாம் கனவில் நடப்பதுபோல இருந்தது.

“அப்படி என்னங்க செஞ்சுபோட்டாரு?”

“பதினஞ்சு வருசமா சீட்டியடிச்சுக்கிட்டே வேலைக்குப் போன மனுசனுங்க எங்க ஊட்டுக்காரரு. இந்த மேனேஜர் வந்து ஒரு வருசந்தான் ஆச்சு. நாலு பேருக்கு முன்னால வாய்க்கு வந்தபடி பேசறாராம். புள்ளைக்குக் காதுகுத்துன்னு லீவு கேட்டா மூஞ்சியக்கூடப் பாக்கலையாமுங்க. திங்கக்கிழமை வேலைய உடறேன்னு எழுதி வச்சிருக்காரு. அப்புறம் ரெண்டு புள்ளைகளோட நான் என்ன பண்ணுவேனுங்க?”

அவளுக்கு அழுகை வந்ததா, மிளகாய் நெடி ஏறியதா, அவளுக்கே தெரியவில்லை. அரைக்க அரைக்க மனசு எங்கோ போனது. தெருமுனையில் சைக்கிள் மணி. கூடவே அந்தப் பழைய சீட்டி. வாசலிலேயே, “ஏங்கண்ணு, சோறாச்சா?” என்று சிரிக்கிறான் புருஷன். குழவி அப்படியே நின்றுவிட்டது.

“கைய எடுங்க, நான் அரைக்கறேன்” என்றாள் பக்கத்திலிருந்தவள். பட்டுச்சேலையும் கனத்த சங்கிலியுமாக இருந்தாள். பெயர் வெங்கடம்மாளாம்.

“எங்க ஊட்டுலயும் இதே கதைதானுங்க. அவருக்கு மேல மொதலாளியோட மருமகன். போனை எடுத்தாலே ஏச்சு. ஊட்டுக்கு வந்தா சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே உக்காந்திருக்காரு. பேச்சே இல்ல. எத்தனை கலகலப்பா இருந்த மனுசன் தெரியுங்களா?”

இரண்டு பேரும் ஒருத்தி கண்ணை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கூடப் பிறந்தவள் கிடைத்த மாதிரி இருந்தது தெய்வாத்தாளுக்கு. இருவருமாகக் கல்லில் பூசி, கும்பிட்டு வெளியே வந்தபோது, ஒரு வருஷப் பாரம் இறங்கியிருந்தது.

“பொள்ளாச்சி வரைக்கும் எங்க கார்லயே வாங்க. அவரு உள்ள வரலைன்னுட்டாரு, மரத்தடியில நிக்கறாரு” என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள் வெங்கடம்மாள்.

வெள்ளை அம்பாசடர் பக்கத்தில் நின்றவர் திரும்பினார். தெய்வாத்தாளின் கால் அங்கேயே நின்றுவிட்டது. போன ஆயுத பூஜைக்கு மில்லில் குடும்பங்களுக்கெல்லாம் பொரி கொடுத்த அதே மேனேஜர்.

“கண்ணெல்லாம் இப்படிச் செவந்திருக்குதே அம்மணி, ஒருத்தருக்கு அரைக்க இத்தனை நேரமா?” என்று அவர் மனைவியைக் கனிவாகக் கேட்டார்.

“இவங்களுக்கும் சேத்தித்தானுங்க அரைச்சேன்” என்றாள் வெங்கடம்மாள். “யாரோ ஒரு பாவி மேனேஜராமா. மனசு தாங்காம, அந்தாளுக்கு என்ற மிளகாயிலயும் ஒரு கை அள்ளிப் போட்டேனுங்க.”