பாதியில் நின்ற ‘இல்லேன்னா’

"பால் குடிச்சா கதை. இல்லேன்னா அடி!"

விரலை ஆட்டி மிரட்டியவளுக்கு வயது ஆறு. மிரட்டப்பட்டவளுக்கு முப்பத்தாறு. கையில் சாக்பீஸோடு கரும்பலகை ஓரமாக நின்றிருந்தாள்.

"ரொம்ப சரி. ஆனா அடி மட்டும் வேண்டாமே," என்றாள். "வேற யாரு சொல்றீங்க?"

பலகையில் ஒரு பாதை போய் இரண்டாகப் பிரிந்தது. கம்ப்யூட்டரைத் தொடாமலே நடத்தும் கம்ப்யூட்டர் பாடம் அது. "கம்ப்யூட்டருக்குச் சொந்த புத்தி கிடையாது. இப்படி இருந்தா இந்தப் பக்கம் போ, இல்லேன்னா அந்தப் பக்கம் போன்னு நாமதான் சொல்லிக் கொடுக்கணும்" என்று சொல்லி, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டிருந்தாள். கைகள் கூரையை முட்டின.

"வீட்டுப்பாடம் முடிச்சா விளையாட்டு. இல்லேன்னா முட்டி போடணும்," என்றான் முன்பல் விழுந்த பையன்.

"தூங்கினா நல்ல பிள்ளை. இல்லேன்னா பூச்சாண்டி!"

"அம்மா கூப்பிட்டதும் அப்பா வந்தா காபி. இல்லேன்னா சண்டை!"

வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்தாள். இரண்டு நாள் உட்கார்ந்து தயாரித்த பாடத்தில் இதை மட்டும் யோசிக்கவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ‘இல்லேன்னா’ என்பது இன்னொரு பாதை அல்ல, ஓங்கிய கை.

அவளுக்கு மட்டும் என்ன வாழ்ந்தது? காலையில் தலைமை ஆசிரியை அவளுடைய விண்ணப்பத்தைப் புரட்டியபடி, "டெமோ கிளாஸ் நல்லா வந்தா வேலை உங்களுக்கு. இல்லேன்னா..." என்று ஆரம்பித்தபோது தொலைபேசி மணி அடித்தது. அவர் அதைக் காதில் வைத்துக்கொண்டு, கையாலேயே வகுப்பறையைக் காட்டினார். வெளியே வரிசையாகப் போட்டிருந்த ஐந்து நாற்காலிகளும் காலியாக இருந்தன. மற்றவர்கள் முடித்துவிட்டுப் போயிருப்பார்கள், தான்தான் கடைசி என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பாதி வாக்கியத்தின் மீதியை, வராந்தாவில் நடந்த இருபது அடிக்குள் அவளே எழுதி முடித்தாள். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம். இல்லேன்னா ஏழு வருஷம் வீட்ல இருந்தவங்களுக்கு இது சரிப்படாது. முதலில் தலைமை ஆசிரியையின் குரலில்தான் கேட்டது. கடைசியில் பேசியது அவளுடைய குரலேதான். இத்தனை விண்ணப்பங்களில் இந்த ஒன்றுக்குத்தான் பதில் வந்திருந்தது.

இப்போது தலைமை ஆசிரியை கடைசி பெஞ்சில், முழங்கால் மோவாயை இடிக்க உட்கார்ந்து, ஏதோ குறித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னும் ஐந்து நிமிடம்.

"மிரட்டாம யாராவது சொல்ல முடியுமா?" என்று கேட்டாள். கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. ஜன்னலோரத்தில் மட்டும் ஒரு கை, காது உயரத்துக்கு எழுந்தது.

"மழை வந்தா எங்கம்மா குடையோட வருவாங்க. இல்லேன்னா சும்மா வருவாங்க."

சாக்பீஸ் பலகையில் பாதியில் நின்றது.

"டீச்சர், அது தப்பு!" முன்பல் இல்லாதவன் துள்ளி எழுந்தான். "எப்படிப் பார்த்தாலும் அவங்க அம்மா வந்துடறாங்களே!"

"ஆமா, வருவாங்க," என்றாள் ஜன்னலோரக்காரி. இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல.

"அப்போ எதுக்குடி இல்லேன்னா போட்டே?"

"குடைக்குத்தான்டா!"

அவ்வளவுதான், வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. ஒருத்தி பெஞ்சின் மேல் ஏறினாள். "லிஃப்ட் வந்தா லிஃப்ட், இல்லேன்னா படி!" என்று ஒருவன் கத்த, "படியும் இல்லேன்னா?" என்று இன்னொருவன் மடக்க, "அதுக்குள்ள இன்னொரு இல்லேன்னா போடுடா!" என்று நாலு பேர் சேர்ந்து கத்தினார்கள். மணி அடித்தது யார் காதிலும் விழவில்லை. பாடம் புரிந்துவிட்டதா, வகுப்பு கையை விட்டுப் போய்விட்டதா? அவளால் சொல்ல முடியவில்லை. தலைமை ஆசிரியை நோட்டை மூடிவிட்டு எழுந்தார்.

அறைக்குள் வந்ததும் அவர் முதலில் காதைத் தேய்த்துக்கொண்டார்.

"என்னா சத்தம்! சந்தைக்கடை தோத்துது போங்க."

"மன்னிக்கணும் மேடம். கடைசியில கொஞ்சம்..."

"எனக்கே கை தூக்கணும் போல இருந்துச்சு." மேசை மேல் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். "திங்கட்கிழமை சேர்ந்துடுங்க. கீழே கையெழுத்துப் போடுங்க."

அவள் தாளை இரண்டு முறை படித்தாள். பேனாவைத் திறந்தாள். ஏழு வருடத்தில் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்ததாக நினைவில்லை. ஜெயித்துவிட்டாள். அதுவும் எத்தனை பேரை!

ஆனாலும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிய பழைய தொழில் புத்தி விடவில்லை. ஒரு பாதை எங்கே போகிறது என்று தெரியாமல் அவளால் எதையும் மூடி வைக்க முடியாது. இப்போது கேட்டால் என்ன பயம்?

"மேடம், காலையில நீங்க ஒண்ணு சொல்லி முடிக்கல. கிளாஸ் நல்லா வந்தா வேலை, இல்லேன்னா...ன்னு நிறுத்திட்டீங்க. இல்லேன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

தலைமை ஆசிரியை கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இல்லேன்னாலும் நீங்கதாம்மா. வேற யாருமே விண்ணப்பம் போடலையே!"