சாம்பலுக்கு மேலே ஒரு தரை

தொல்பொருள் ஆபீசர் பானைக்குள் கையை விட்டார். குழிக்குள் நின்ற நாங்கள் எட்டிப் பார்த்தோம்.

என் அண்ணன் மலைச்சாமி மண்வெட்டியைக் கீழே வைத்தான். மேலே நின்று மண்கூடை இழுத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மட்டும் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

அந்தத் தலைப்பாகையைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் ஊர் கொத்தளப்பட்டி. அங்கே கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு ராஜா, நான் பிறந்த ஊரான சாம்பமேட்டைத் தீவைத்து ஜெயித்தானாம். ஜெயித்த படையாட்களைப் பக்கத்திலேயே குடிவைத்தானாம். அந்த வம்சம்தான் கொத்தளப்பட்டிக்காரர்கள்.

அதனால் மாரியம்மன் திருவிழாவில் அவர்கள் தலைப்பாகையோடு நிற்பார்கள். எங்கள் ஊர் ஆம்பளைகள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பின்னால் நிற்க வேண்டும். என் அப்பா சாகும்வரை அப்படித்தான் நின்றார்.

குழம்பில் உப்பு ஒரு கல் கூடிப்போனாலும் மாமியார் விடமாட்டாள். தோற்ற ஊர்க்காரி கை அப்படித்தான் இருக்கும் என்பாள்.

போன வாரம், சாம்பமேட்டில் நாங்கள் தோண்டும் இந்தக் குழியின் ஓரத்தில் சாம்பல் தெரிந்தது. ஒரு சாண் கனம், கரிந்த மூங்கிலும் நெல்லுமாக. கல்வெட்டு நிஜமாகிவிட்டது என்று என் வீட்டுக்காரர் சைக்கிளை மிதித்து வேடசந்தூர் போய்ச் சேவு வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கும் கொடுத்தார். நான் அதைக் காக்காய்க்குப் போட்டேன்.

ஆனால் அந்தச் சாம்பல் ஒரு களிமண் தரைக்கு அடியில் போனது. இன்றைக்கு அந்தத் தரையைத் துப்புரவாகத் திறந்தோம். சாணி மெழுகிய வீடு மாதிரி வழவழவென்று இருந்தது. எங்கேயும் வெட்டுப்படவில்லை. அதன்மேல் கறுப்பும் சிவப்புமாகப் பானைகள், வைத்தவள் வைத்தபடியே இருந்தன.

ஆபீசர் ராயப்பராஜ் பானைக்குள்ளிருந்து கையை எடுத்தார். நாலணா அளவில் ஒரு காசு. துடைத்தார். கூர்மூக்கோடு ஒரு சீமை ராஜா முகம் தெரிந்தது.

அவர் நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இந்த ரோமாபுரிக் காசும் பானையும் அந்த ராஜா பொறக்கிறதுக்கு எழுநூறு, எண்ணூறு வருஷம் முந்தினது. சாம்பல் அதுக்கும் கீழ இருக்கு. தரைக்கு மேல புல்லு வரைக்கும் ஒரு கரித்துண்டு இல்ல. அந்த ராஜா இங்க எதையும் எரிக்கல."

எனக்குப் புரியச் செத்த நேரம் ஆனது. ஊர் எப்போதோ எரிந்திருக்கிறது. எரிந்த சாம்பலைத் திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் தரை போட்டு, எவளோ ஒருத்தி மறுபடி உலை வைத்திருக்கிறாள். நாங்கள் அவள் ஊர்க்காரர்கள்.

கல்வெட்டு வெறும் பீற்றல்.

அண்ணன் இடுப்புத் துண்டை அவிழ்த்தான். உதறினான். அவசரமே இல்லாமல் தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு மேலே பார்த்தான்.

"மாப்ள, கூடைய எறக்குங்க."

என் வீட்டுக்காரர் கூடையை இறக்கினார். பிறகு வேர்வை துடைக்கிற மாதிரி தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துண்டு திரும்பத் தலைக்குப் போகவில்லை.

அவர் யாரைக் குறை சொல்ல முடியும்? கல்வெட்டு பொய் என்று நான் தினம் சண்டை போட்டேன். என் வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று, திண்டுக்கல்லுக்குப் போய் அந்த ஆபீசரைக் காலைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்தவரே அவர்தான்.

அன்றைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். உப்பை வேண்டுமென்றே ஒரு கை கூடப் போட்டேன்.

சேதி கேட்டிருந்த மாமியார் இரண்டாம் தரம் ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டாள்.