அந்தக் கரைக் கூலி

அந்த ஒரு வரியை அவன் நிரப்பவில்லை.

பேனை அதன் மேல் கொஞ்சம் நின்றது. பிறகு அடுத்த வரிக்குத் தாண்டியது.

இத்தாலியில், பாரி துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஒரு லொறிக் கம்பனியின் அலுவலகம். இருபத்திரண்டு தொன் தரை ஓடு கிரேக்கத்துக்குப் போகவேண்டும். வழி இரண்டு. லொறியும் சாரதியும் சேர்ந்தே கப்பலில் ஏறி, அந்தக் கரையில் இறங்கி, தெசலோனிக்கி வரைக்கும் ஓடலாம். அல்லது பின்னால் இழுக்கும் டிரெயிலரை மட்டும் கப்பலில் அனுப்பிவிட்டுச் சாரதி வீட்டுக்கு வந்துவிடலாம். அந்தக் கரையில் கிரேக்கச் சாரதி ஒருவன் வந்து கொளுவி இழுத்துப் போவான்.

இரண்டுக்கும் செலவு எழுதி முதலாளி தொனாத்தோவிடம் நீட்டுவது அவன் வேலை. கீழ்த்தொகை எதில் குறைவோ அதில் தொனாத்தோ கையெழுத்து வைப்பார். மேலே உள்ளதை வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

அவன் நிரப்பாமல் விட்டது அந்தக் கிரேக்கச் சாரதியின் கூலியை.

இந்தக் கரைச் சாரதி தர்மினி.

அவனுடைய மனைவி.

கனரக வாகன லைசென்ஸுக்கு அவன் மூன்று தரம் சோதனை எழுதினான். மூன்று தரமும் கோட்டை விட்டான். கேள்வியெல்லாம் இத்தாலியனில். இரவல் புத்தகத்தைக் குசினி மேசையில் விரித்து வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சத்தம் போட்டுப் படித்தான். இரண்டு வருசம். அவள் அடுப்படியில் வெங்காயம் அரிந்துகொண்டு நின்றாள்.

அவ்வளவுதான் அவள் படித்த படிப்பு.

போனாள். எழுதினாள். முதல் தரத்திலேயே சித்தியடைந்தாள். ஓட்டிக் காட்டியதிலும் சித்தி.

தன் வாயிலிருந்து போனது அவள் மண்டையில் ஏறியிருக்கிறதே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. கோயிலில், கடையில், பிறந்தநாள் வீட்டில், “உங்கட மனுசி லொறி ஓடுறாவாமே” என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். சிரித்தான். சிரித்துச் சிரித்தே தாடை நொந்தது.

கிரேக்கம் அவளுக்கு முதல் வெளிநாட்டு ஓட்டம். ஒரு கிழமையாக அதே பேச்சு. மலையைக் குடைந்து போகும் அந்தப் பாதையில் சுரங்கம் எத்தனை என்று எண்ணி வைத்திருந்தாள். நீல நிறத்தில் ஒரு தோள் பை வாங்கினாள். கப்பலில் சாப்பிட இடியப்பம் கட்டவா, புட்டுக் கட்டவா என்று அவனிடமே கேட்டாள்.

கேட்கிறாள் பாருங்கள், அவனிடமே.

புட்டு என்றான்.

பொறாமை என்ற சொல்லை அவன் மனத்துக்குள்கூடச் சொல்லவில்லை. செலவு என்றான். கம்பனிக்கு மிச்சம் என்றான்.

டிரெயிலர் மட்டும் போகிற வழிக்குத் தொனாத்தோ கையெழுத்து வைத்தார்.

பின்னேரம் துறைமுகத்துக்கு ஃபைலைக் கொண்டு போனவனும் அவன்தான். தர்மினி டிரெயிலரின் நிலைக்கால்களை இறக்கி, காற்றுக் குழாய்களைக் கழற்றிச் சுருட்டி மாட்டினாள். கை ஒரு தரமும் தடுமாறவில்லை. பிறகு ஃபைலை வாங்கிப் புரட்டினாள். செலவுத் தாளில் அவள் விரல் மெல்ல இறங்கி வந்தது.

அந்த வெறும் வரியில் நின்றது.

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

அவன் கப்பலைப் பார்த்தான்.

துறைமுகத்து இழுவை வண்டி வந்தது. டிரெயிலர் கப்பலின் வாய்க்குள் போய் மறைந்தது. நீலப் பை அவள் தோளிலேயே தொங்கியது.

வீட்டுக்கு வந்து இரண்டு பேருமாகப் புட்டைச் சாப்பிட்டார்கள். அவனுக்கு நல்ல பசி. நித்திரையும் நன்றாகத்தான் வந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

ஐந்தாம் நாள் கிரேக்கக் கம்பனியின் பில் வந்தது. அவன் மிச்சம் என்று காட்டியதைப் போல இரண்டு மடங்கு.

தொனாத்தோ இருவரையும் கூப்பிட்டார். தாளை மேசையில் போட்டு, அந்த வெறும் வரியைப் பேனையால் தட்டினார். மறந்துபோய் விட்டதா, வேண்டுமென்று விட்டதா என்று கேட்டார். வேண்டுமென்று என்றால் நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம் என்றார்.

அவன் அந்தப் பேனையைப் பார்த்தான்.

தர்மினி ஒரு அடி முன்னால் வந்தாள்.

“நான்தான் அதை எழுதவேண்டாம் என்று சொன்னேன். எனக்குக் கப்பல் என்றால் பயம்.”

கப்பல் பயமாம். நெடுந்தீவில் பிறந்தவள். கல்யாண வீடு, செத்தவீடு, ஆசுப்பத்திரி எல்லாவற்றுக்கும் கடல் தாண்டிப் போய் வந்தவள்.

தொனாத்தோவும் கல்யாணம் கட்டிய மனுசன்தான். மனைவிக்காகச் செய்தான் என்றால் அவருக்கு விளங்கும். முகம் இளகியது. இனி வீட்டு விசயத்தை அலுவலகத்துக்குக் கொண்டு வராதே என்று அவனுக்கு ஒரு அதட்டு. அவ்வளவுதான். வேலை தப்பியது.

பிறகு சாரதிகளின் பட்டியலை இழுத்து வைத்தார். கப்பல் வழி ஓட்டங்களுக்கு நேரே தர்மினியின் பெயரைத் தேடிப் பிடித்தார்.

அவள் அந்தப் பொய்யை இத்தாலியனில் சொல்லியிருந்தாள். சரளமாக. ஓரிடத்திலும் தட்டவில்லை. அந்த நேரத்திலும் அவனுக்கு அதுதான் உறைத்தது.

இல்லை, அவள் ஒன்றும் சொல்லவில்லை, நான்தான் விட்டேன் என்று சொல்லவேண்டும். இத்தாலியனில் அதற்கு மூன்றே சொல் போதும்.

அவன் முதல் சொல்லைத் தேடி எடுத்தான். சரியா என்று பார்த்தான். இரண்டாவதைத் தேடினான்.

தொனாத்தோ அவள் பெயரின் குறுக்கே கோட்டை இழுத்து முடித்து, பேனையை மூடினார்.