ஏழு ஒண்ணு

“பக்கவாதம் வந்து மாமிக்கு வலது கையே விழுந்துடுத்து. அவரைப் போய்த் தினமும் கணக்குப் போடச் சொல்லி வதைக்கிறாரே, இந்த வைத்தி மாமா எல்லாம் ஒரு மனுஷனா?” என்று கௌஷிக்கிடம் பொருமினாள் அவன் மனைவி ஸ்ம்ருதி.

கௌஷிக்குக்கும் அதே எரிச்சல்தான். டெல்லி மயூர் விஹாரில் இரண்டு வீடும் எதிரெதிர் ஃபிளாட். கரண்ட் போனாலும் அந்த வீட்டில் கணக்கு நிற்காது.

அதுவும் ஒரே எண். வரிசையாக ஏழு ஒன்று: 1111111. அதை எந்த எண் மீதியில்லாமல் வகுக்கும்? 2, 3, 5, 7 என்று நாளுக்கொரு பகா எண்ணாக மங்களம் மாமி வகுத்துச் சொல்லச் சொல்ல, மாமா பக்கத்தில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுவார். கிட்டத்தட்ட ரெண்டு மாசமாக இதே கூத்து.

மாமியைக் காப்பாற்றியே தீருவதென்று, நொய்டா ஆபீஸில் கம்ப்யூட்டரைத் தட்டினான் கௌஷிக். கண் சிமிட்டுவதற்குள் விடை வந்துவிட்டது.

மறுநாள் காலை எதிர்வீட்டுக்கு ஓடினான்.

“மாமி! அந்த ஏழு ஒண்ணைக் கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தேன்...”

“என்ன, வரலையா?” மாமா பாய்ந்து வந்து அவன் கையை அழுத்தினார். “பார்த்தியா மங்களம், கம்ப்யூட்டருக்கே வரலையாம்!”

கௌஷிக் திருதிருவென்று விழித்தான். அதான் வந்துவிட்டதே!

மாமா அவனை பால்கனிக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

“இருநூத்து முப்பத்தொன்பது. அதானே?”

“தெரியுமா? அப்புறம் ஏன் மாமா...”

“அரே, மெதுவாப் பேசுடா! ஆபீஸ் சிநேகிதர்கிட்ட இந்தக் கணக்கை விடையோடதான் வாங்கிண்டு வந்தேன். கணக்கு டீச்சரா இருந்தவ. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததும், இனிமே நான் எதுக்கும் லாயக்கில்லைன்னு ஒரே அழுகை. அவளே கண்டுபிடிக்கணும்டா. இன்னிக்கு இருநூத்து முப்பத்து மூணு. அடுத்தது அதுதான்.”

மாமாவின் கண் கலங்கியிருந்தது. கௌஷிக்குக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

“அவனுக்குக் காபி கலந்துண்டு வாங்கோ” என்றார் மாமி உள்ளேயிருந்து. பேச்சு கொஞ்சம் குழறினாலும் டீச்சர் அதிகாரம் குறையவில்லை.

மாமா சமையலறைக்குள் போனதும், மாமி இடது கையால் அவனைக் கிட்டே கூப்பிட்டார்.

“கம்ப்யூட்டர் என்ன சொல்லித்து? இருநூத்து முப்பத்தொன்பதுதானே?”

கௌஷிக்குக்குத் தலை சுற்றியது. “உங்களுக்கும் தெரியுமா?”

“முதல் நாளே தெரியும். ஏழு ஒண்ணை வகுக்கற பகா எண் எதுவானாலும், அதை ஏழால வகுத்தா ஒண்ணு மிஞ்சணும். அப்படிப் பார்த்தா, இருபத்தொன்பதுலேர்ந்து இருநூத்து முப்பத்தொன்பது வரைக்கும் மொத்தமே எட்டு எண்தான். மனசுக்குள்ளேயே போட்டுட்டேன்.”

“பின்னே எதுக்கு மாமி ரெண்டு, மூணுன்னு ஆரம்பிச்சு இந்தப் பாடு?”

மாமி சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

“நாளைக்கு அது வந்துடுமேன்னுதான் எனக்குக் கவலை. வகுக்கறச்சே வேணும்னே ஒரு தப்பு பண்ணி, அதைத் தாண்டிடப் போறேன். மாமாகிட்ட காட்டிக் குடுத்துடாதே.”

“தப்பா? ஏன்?”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து ஆபீஸ், ஃபைல்னே கிடந்தவர். என் பக்கத்துல வந்து உட்கார்ந்ததே இந்தக் கணக்குக்காகத்தான். விடை வந்துட்டா எழுந்து போயிடுவாரேடா!”